ரெமியின் மோட்டார்

பிப்ரவரி 5, திங்கள்

ஐஸ் கம்பெனிக்காரர் புதுவருசத்துக்குக் கொடுத்த டைரி இது. ஒரு மாதமாக ஸ்பேனர் பெட்டிக்கு அடியில் கிடந்தது. எந்த மோட்டாரில் எதை மாற்றினேன் என்பது இப்போதெல்லாம் மறந்துபோகிறது. ஐம்பத்துநாலு வயதுக்கு அது நியாயம்தான். அதனால் எழுதி வைக்கலாம் என்று எடுத்தேன்.

இன்று தொம்மை வள்ளத்து மோட்டாருக்கு கார்பரேட்டர் கழுவினேன். பெட்ரோலில் ஓடவிட்டு நிறுத்து, மண்ணெண்ணெயில் நிறுத்தாதே என்று நூறு தடவை சொல்லியாயிற்று. அவனுக்குக் காது எதற்கு இருக்கிறதோ தெரியவில்லை.

சாயங்காலம் டெல்பின் வந்தாள். என் மனைவி மோனிக்கு ஒரே தம்பி ரெமி. டெல்பின் அவன் பெண்டாட்டி. நவம்பர் ஒன்பதாம் தேதி ரெமி தனியாக நண்டு வலை எடுக்கப் போனான். நடுக்கடலில் மோட்டார் நின்றது, வாடைக்காற்று இழுத்துக்கொண்டு போனது. வள்ளம் பாறையில் மோதி உடைந்து ஒதுங்கியது. அவன் மூன்றாம் நாள் ஒதுங்கினான். மோட்டாரை மட்டும் கழற்றி என் ஷெட்டில் கொண்டுவந்து போட்டார்கள். மூலையில் சாக்கு மூடிக் கிடக்கிறது.

டெல்பின் வந்ததும் அந்த மூலையைத்தான் பார்த்தாள்.

“அண்ணே, அவிய மோட்டார அவுத்துப் பாத்தியளா?”

“எதுக்கு?”

“ஓட வைக்கணும். ஊர்க்கமிட்டியில ஒரு வள்ளம் தாராவ. எந்தம்பி பெலவேந்திரன் வந்து தொழிலுக்குப் போறேங்கான். மோட்டார்தான் இல்ல.”

“கடல்த்தண்ணி குடிச்சது. உள்ள எல்லாம் துருப்பிடிச்சு இறுகியிருக்கும். பாப்போம்.”

எங்கள் பக்கம் பாப்போம் என்றால் நடக்காது என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும். போகும்போது திரும்பி நின்று, “எதனால நின்னுச்சுன்னும் எனக்குத் தெரியணும் அண்ணே” என்றாள்.

பிப்ரவரி 6, செவ்வாய்

வேலை இல்லை. தலைவலி.

பிப்ரவரி 9, வெள்ளி

மூன்று மாதம் ஆகிவிட்டது. மோனி காலையில் ரெமி பேரில் பூசைக்குப் பணம் கொடுத்துவிட்டு வந்தாள். டெல்பின் வந்துபோனதை அவளிடம் சொன்னேன்.

“அந்தச் சனியன எடைக்குப் போட்டுட்டு வேற வேலையப் பாருங்க” என்றாள்.

“டெல்பினு கேக்காளே?”

“கேப்பா. குடிச்சான், போனான். அவுத்துப் பாத்தா எந்திரிச்சு வந்துருவானாக்கும்?”

ஊரிலும் அதுதான் பேச்சு. ரெமி போதையில் மோட்டாரை முறுக்கி ஓட்டிச் சூடாக்கி எரித்துவிட்டான் என்று. அவன் குடிக்காதவன் என்று நான் சொல்ல மாட்டேன். போன வருசம் சங்குத்துறை மணலில் இரண்டு முறை நானே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆனால் ஆகஸ்டு மாதா திருநாளோடு விட்டான். விட்டவனைச் செத்த பிறகு மறுபடி குடிக்க வைத்துவிட்டார்கள். அதில் கூடப்பிறந்த அக்காவின் சத்தம்தான் எல்லோரையும்விடப் பெரிதாக இருக்கிறது. துக்கம் ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி வரும் போல.

இன்று செய்தது: ஒன்றும் இல்லை. இரண்டு ப்ளக் துடைத்தேன்.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு கோயில் வாசலிலேயே சண்டை. டெல்பின்தான் ஆரம்பித்தாள். “மைனி, அண்ணனுக்கிட்ட கொஞ்சம் சொல்லுங்க, மோட்டாரத் தொடவே மாட்டேங்காவ” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

மோனி சாமியாடாத குறைதான். “அவன் குடிச்சுக் கெடுத்ததுக்கு எம்புருசன் உக்காந்து துரு சொரண்டணுமா?”

“அவிய ஒரு சொட்டு தொடல மைனி. மாதாவுக்கு நேர்ந்துகிட்டு விட்டாவ.”

“கடல்ல வச்சு என்ன செஞ்சாம்னு நீ கண்டியா? கூடப் போய் இருந்தியா?”

டெல்பின் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். செருப்பு என் காலில்தான் இருந்தது.

பிப்ரவரி 17, சனி

டெல்பினிடம் உட்காரவைத்துச் சொன்னேன். கிராங்க் போயிருக்கும், பேரிங் போயிருக்கும், பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். இந்த மாடல் வருவது நின்று பத்து வருசம் ஆகிறது, பாகம் கிடைக்காது. இதைக் கட்டி எழுப்புவதும் ஒன்றுதான், இரும்பைத் தின்பதும் ஒன்றுதான். இப்படி விரல்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். ஒன்றும் பொய் இல்லை.

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப தூத்துக்குடியில ஒருத்தர் இருக்காராம், செத்த மோட்டார எல்லாம் எழுப்பிருவாராம். பெலவேந்திரன் திங்கக்கிழம குட்டியானையில வந்து ஏத்திட்டுப் போறேங்கான்” என்றாள்.

“அவன் என்னத்த எழுப்புவான்? கெடுத்துருவான்.”

“கெட்டது தானே அண்ணே, இனி என்ன கெட?”

தூத்துக்குடிக்காரனை எனக்குத் தெரியும். நல்ல மெக்கானிக். மேல் மூடியைக் கழற்றி உள்ளே ஒரு டார்ச் அடித்தால் போதும், அவன் சொல்லிவிடுவான்.

“வேண்டாம்மா, நானே பாக்கேன்” என்றேன். அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குக் கூசிவிட்டது.

பிப்ரவரி 20, செவ்வாய்

ஒரு விசயம் எழுத வேண்டும். கடலில் முழுகிய மோட்டாரை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி, சிலிண்டருக்குள் டீசல் ஊற்றி, கையால் சுற்றி வைக்க வேண்டும். இது தொம்மைக்குக்கூடத் தெரியும். ஒரு நாள் தாமதித்தால் பேரிங் போகும், ஒரு வாரம் தாமதித்தால் கிராங்க் போகும். அடுத்தவன் மோட்டார் விழுந்தால் நடுச்சோற்றில் கையை உதறிவிட்டு ஓடுகிறவன் நான்.

ரெமி மோட்டாருக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றவில்லை. மச்சினன் செத்த துக்கத்தில் மறந்துவிட்டார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 26, திங்கள்

இன்று திறந்தேன். போல்ட்டுகள் வரவே இல்லை. இரண்டைச் சூடுகாட்டி எடுத்தேன், ஒன்று முறிந்தது. மோனி வீட்டுக்குள் பாத்திரங்களைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். அவள் நவம்பரிலிருந்து ஷெட்டுக்குள் கால் வைப்பதில்லை. எண்ணெய் வாடை குமட்டுகிறதாம். இருபத்தெட்டு வருசம் குமட்டாத வாடை.

முதலில் அடியில் இருக்கிற தண்ணீர் பம்பைப் பார்த்தேன். மோட்டார் சூடாகாமல் இருக்க கடல்நீரை உறிஞ்சி மேலே அனுப்புகிற பம்பு. அதற்குள் ஒரு ரப்பர் சக்கரம் உண்டு. ஆறு இதழும் முழுசாக, வளையாமல், நேற்றுப் போட்டது மாதிரி இருந்தது. ஒரு இதழாவது கிழிந்திருக்கக் கூடாதா என்று எனக்குக் கோபமாக வந்தது.

பிறகு மேல் மூடி. மேல் பிஸ்டன் சிலிண்டரோடு உருகி ஒட்டியிருக்கிறது. சுவர் முழுக்க அலுமினியம் வரிவரியாக இழுபட்டிருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு எங்கேயும் ஒரு துளி இல்லை. துரு எல்லாவற்றையும் தின்னும் என்று நினைத்தேன். அலுமினியத்தைத் துரு தின்னாது என்பதை இத்தனை வருசத் தொழிலில் நான் எப்படி மறந்தேன்?

எண்ணெய் கலக்காத மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார். அவ்வளவுதான் விசயம்.

பிப்ரவரி 27, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொல்ல முடியாது.

இந்த மோட்டார்களுக்கு மண்ணெண்ணெயோடு எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். என் ஷெட்டில்தான் பாதி ஊருக்குக் கலக்கிறோம். கேன்கள் வரிசையாக இருக்கும். கலந்த கேனின் பிடியில் ஒரு துணி கட்டிவிடுவோம். துணி இருந்தால் யாரும் மூடியைத் திறந்து பார்க்க மாட்டார்கள், இருட்டோடு தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். என் கை எப்போதும் பிசுக்காக இருக்கும் என்பதால் துணி கட்டுவது மோனியின் வேலை. பழைய சேலையைக் கிழித்து வைத்திருப்பாள்.

எனக்கு ஒரு சட்டம் உண்டு. முதலில் எண்ணெய், அப்புறம் மண்ணெண்ணெய். அதனால் நிறைந்த கேன் என்றால் எண்ணெய் உள்ளே போய்விட்டது என்று பொருள். மோனியும் அதைத்தான் பார்ப்பாள், நிறைந்திருந்தால் கட்டுவாள்.

நவம்பர் ஒன்பதாம் தேதி புது எண்ணெய் டின்னைத் திறக்கக் கத்தி அகப்படவில்லை. நேரமாகிறதே என்று ரெமி கேனில் முதலில் மண்ணெண்ணெயை நிரப்பிவிட்டேன். அதற்குப் பிறகு கத்தி கிடைத்து, எண்ணெயை அளந்து குவளையில் எடுத்தேன். அப்போது கரையில் ஒருத்தன் மோட்டார் கிளம்பவில்லை என்று போன் வந்தது. குவளையைக் கேன் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடினேன்.

அவள் வந்திருக்கிறாள். நிறைந்த கேனைப் பார்த்திருக்கிறாள். தன் தம்பி கேனில் துணியைக் கட்டியிருக்கிறாள்.

உடைந்த வள்ளத்தோடு அந்தக் கேனும் வந்தது, அடியில் கொஞ்சம் மிச்சத்தோடு. பிடியில் மோனியின் பச்சைச் சேலைத் துண்டு. ஊரே அந்தத் துணியைப் பார்த்தது. அதனால்தான் எண்ணெயைப் பற்றி ஒருத்தனும் பேசவில்லை, பேச்சு சாராயத்துக்குப் போய்விட்டது. மிச்சத்தை மணலில் கவிழ்த்தேன். நிறம் மாறாத வெறும் மண்ணெண்ணெய். துணியை அவிழ்த்து அடுப்பில் போட்டேன்.

டெல்பினிடம் உண்மையைச் சொன்னால் ரெமி பேர் தேறும். ஆனால் அதே நிமிசத்தில் மோனிக்குத் தெரிந்துவிடும், தன் தம்பியை அனுப்பிவைத்த முடிச்சு யார் போட்டது என்று. தவறு என்னுடையது என்று நான் ஆயிரம் சொல்லலாம். கட்டினது அவள் கை. அவளை எனக்குத் தெரியும். அவள் பிழைக்க மாட்டாள்.

மார்ச் 2, சனி

எடைக்காரர் மூன்று சக்கர வண்டியில் வந்தார். “அது போடுததா?” என்று மூலையைக் காட்டிக் கேட்டார். போட்டால் எல்லாம் முடிந்தது. தராசைக்கூட இறக்கிவிட்டார். வாசலில் டெல்பின் போய்க்கொண்டிருந்தாள், நண்டு உரிக்கிற கம்பெனி வேனுக்கு. விரல் பத்திலும் துணி சுற்றியிருந்தது. கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள்.

“இல்ல, வேல நடக்கு” என்று எடைக்காரரை அனுப்பிவிட்டேன்.

மார்ச் 9, சனி

ஷெட்டுக்குப் பின்னால் இதே மாடலில் ஒரு பழைய எலும்புக்கூடு கிடந்தது. அதன் கிராங்க் நேராக இருக்கிறது. இரண்டு செத்ததைச் சேர்த்து ஒன்றை எழுப்ப வேண்டும். சிலிண்டரைத் திசையன்விளை லேத்தில் கொடுத்துக் குடைய வைத்தேன். அந்த வரிகளெல்லாம் தூளாகக் கொட்டின. லேத்துக்காரர், “ட்ரையா ஓட்டிருக்காம்ல அண்ணாச்சி” என்றார். “சூடு” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், பிறகு தன் வேலையைப் பார்த்தார்.

மார்ச் 13, புதன்

லேத்துக்காரர் பழைய இருப்பில் தேடிக் கொடுத்த பிஸ்டன், ரிங் போட்டாயிற்று. மோனி சாப்பாட்டுத் தட்டை ஷெட் வாசலில் வைத்துவிட்டு, உள்ளே பார்க்காமல் நின்றாள்.

“எதனால நின்னுச்சாம்?”

“இன்னும் பாக்கணும்.”

“என்னத்தப் பாக்க? குடிதான்.” தட்டின் மூடியைச் சரிசெய்தாள். “வேற ஒண்ணும் இல்லல்லா?”

“வேற என்ன இருக்கப்போகுது?” என்றேன். போய்விட்டாள். குழம்பில் உப்பு இல்லை.

மார்ச் 15, வெள்ளி

பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஏழு பேர். மூன்று பேர் ஆனதும் வந்துவிட்டேன். செய்ததைச் சொல்லலாம். இனிச் செய்யப்போவதையும் சேர்த்து மன்னிப்பார்களா?

மார்ச் 19, செவ்வாய்

நல்லா இருந்த ரப்பர் சக்கரத்தைக் குறடால் பிடித்து, ஆறு இதழில் நாலைப் பிய்த்தேன். பிய்ந்த இடம் புதுசாகப் பளிச்சென்று தெரிந்தது. மணலும் கிரீஸும் போட்டுத் தேய்த்தேன். மோட்டாருக்குள் வேறொரு சக்கரத்தைப் போட்டுவிட்டேன். முப்பது வருசமாக உடைந்ததை ஒட்டுகிறவன், முதல் தடவையாக நல்லதை உடைத்தேன். அது சுலபமாகத்தான் இருந்தது.

மார்ச் 21, வியாழன்

எல்லோரையும் வரச்சொன்னேன். டெல்பின், பெலவேந்திரன். மோனி ஷெட் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உள்ளே வரவில்லை.

டிரம் தண்ணீரில் மோட்டாரை மாட்டி இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. டெல்பின் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அழுதாள். ஒரு நிமிசம் ஓடவிட்டு நிறுத்தினேன். பிறகு அந்த ரப்பரை மேசைமேல் வைத்தேன்.

“இதனாலதான் நின்னுச்சு. தண்ணி ஏறல. சூடாகி பிஸ்டன் ஒட்டிருச்சு. ரெமி குடிக்கவும் இல்ல, முறுக்கவும் இல்ல.”

“இது எப்படி அண்ணே பிஞ்சுது?”

“பழசு. மாத்தணும்னு ரெமி அக்டோபர்லயே சொன்னான். நான்தான் இன்னும் ரெண்டு மாசம் ஓடும்னு அதையே திரும்பப் போட்டேன்.”

பெலவேந்திரன் விவரமானவன். அவன் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். “தண்ணி பீச்சலன்னா ஓட்டுதவருக்குத் தெரியாதா அண்ணாச்சி? பின்னால பாத்தாலே தெரியுமே?”

“விடியாத இருட்டு. எங்க பாக்க?”

அவன் ரப்பரை மேசைமேல் திரும்ப வைத்தான். டெல்பின் அதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

நான் மோனியைப் பார்த்தேன். நான் எதிர்பார்த்த முகம் இல்லை அது. அடைத்துக்கொண்டிருந்த மூச்சை விட்டது மாதிரி வாய் திறந்திருந்தது. “ரப்பரா?” என்றாள். “ரப்பர்தானா? நெசமாவா?”

“நெசந்தான்.”

நாலு மாதத்துக்குப் பிறகு ஷெட்டுக்குள் கால் வைத்தாள். நேராக என்னிடம் வந்து, இரண்டு கையாலும் என் நெஞ்சில் அடித்தாள். “எந்தம்பிய கொன்னுட்டியளே! ஒரு ரப்பருக்கு எந்தம்பிய கொன்னுட்டியளே, பாவி!”

“ஆமா” என்றேன்.

பெலவேந்திரன்தான் அவளைப் பிடித்து இழுத்தான்.

மார்ச் 22, வெள்ளி

மோனி தன் துணிகளை எடுத்துக்கொண்டு டெல்பின் வீட்டுக்குப் போய்விட்டாள். சோறு வைத்தேன், குழைந்துவிட்டது.

மார்ச் 24, குருத்து ஞாயிறு

பூசையில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மூன்று பேர் வந்து கேன்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தொம்மைகூட, “தப்பா நெனைக்காதிய அண்ணாச்சி” என்றுவிட்டு எடுத்துக்கொண்டான்.

ஒன்று மட்டும் இங்கேயும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

அன்று கரையிலிருந்து நான் திரும்பி வந்தபோது, குவளையில் எண்ணெய் அளந்தபடியே இருந்தது. கேன் இல்லை. ரெமி போய் அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. காற்று இன்னும் எடுக்கவில்லை, கரையில் நாலு வள்ளம் நின்றது. ஒன்றை அனுப்பியிருந்தால் பிடித்திருக்கலாம். மோனி வேறு டின்னிலிருந்து ஊற்றியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் அடுக்களையில்தான் இருந்தாள். ஊத்தினியா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சட்டத்தை மீறி நானே மாற்றி ஊற்றினேன் என்று அவளிடம் ஒத்துக்கொள்ள வெட்கம். தொம்மையைத் திட்டுகிற வாய் எனக்கு. குவளை எண்ணெயைத் திரும்ப டின்னில் ஊற்றிவிட்டு டீ குடித்தேன்.

அதனால் கொன்னுட்டியளே என்று மோனி அடித்தபோது ஆமா என்று சொன்னதில் பொய் கிடையாது. ரப்பர்தான் பொய்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

வேலை இல்லை. ஷெட்டைக் கூட்டினேன்.

ஏப்ரல் 3, புதன்

டெல்பின் வந்தாள். உள்ளே வரவில்லை, ரோட்டிலேயே நின்றாள். நேற்று வள்ளம் இறங்கிவிட்டதாம், மோட்டார் ஒரு குறையும் இல்லாமல் ஓடியதாம். அதைச் சொல்லவேண்டியது தன் கடமை என்கிற மாதிரிச் சொன்னாள்.

“எனக்கு ஒங்க மேல மனசு ஆறாது அண்ணே. ஆனா நீங்க சொல்லாமலே மறைச்சிருக்கலாம். சொன்னியளே. இப்ப ஊர்ல அவியள ஒருத்தரும் குடிகாரம்னு சொல்லுததில்ல.”

போகப் போனவள் நின்றாள்.

“மைனிக்கு இது தெரியாம இருந்திருந்தா என்ன ஆயிருப்பாவளோ. நேத்துத்தான் எங்கிட்ட வாயத் தொறந்தாவ. அன்னைக்குக் கேன்ல துணி கட்டுனது அவியதானாம். எண்ணெய் ஊத்தியிருக்கான்னு பாக்காமக் கட்டிட்டமோ, நம்ம கையாலதான் தம்பி போனானோன்னு நாலு மாசமா செத்துச் செத்துப் பிழைச்சாவளாம். அதுக்குத்தான் குடி குடின்னு கத்துனாவளாம். கேட்டா நீங்க ஆமான்னு சொல்லிருவியளோன்னு பயந்து ஒங்கக்கிட்ட கேக்கலையாம்.”

கையிலிருந்த ஸ்பேனரைப் பெட்டியில் போட்டேன்.

“இப்ப எப்படி இருக்கா?”

“நல்லா இருக்காவ. சாப்பிடுதாவ. தூங்குதாவ.”

“வீட்டுக்கு வருவாளா?”

டெல்பின் தரையைப் பார்த்தாள். “எந்தம்பியக் கொன்னவரு மொகத்துல நான் எப்படி முழிப்பேன்னு சொல்லுதாவ அண்ணே. வரமாட்டாவ.”

“சரிம்மா” என்றேன். “அப்படியே இருக்கட்டும்.”